குடும்பத்தோடு கடல் கடக்குமுன்

தனி ஆளாகப் பிரயாணம் செய்கிறவனுக்கு ஒரு தோல்பெட்டி போதும். மனைவி மக்களோடு பிரயாணம் செய்கிறவனுக்கு ஒரு கப்பலும் போதாது. பெட்டிக்குள் அடங்காத சாமான்கள் அநேகம் அவனோடு கூடவே வருகின்றன. பெண்ணின் பள்ளிக்கூடப் படிப்பு, பையனின் தாய்மொழி, ஊரில் விட்டுவிட்டுப் போகும் பெற்றோரைப் பற்றிய கவலை, அடகில் இருக்கும் நகையின் வட்டி எல்லாம் வருகின்றன. விமான நிலையத்தில் இவற்றை யாரும் தராசில் வைத்து நிறுப்பதில்லை. ஆயினும் பிற்பாடு அவன் முதுகை வளைப்பவை இவைதாம்.

தாமிரவருணி கடலை நெருங்கும் இடத்தில், நெல் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கிறது ஏரல். 1986-ஆம் வருஷம் வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர். இப்போது தூத்துக்குடி மாவட்டம். ஆடி அமாவாசையன்று சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குத் திரளும் கூட்டத்தில் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால், பாதிப் பேச்சு அயல் நாட்டைப் பற்றியதாகவே இருக்கும். "மூத்தவன் ரியாத்துக்குக் குடும்பத்தைக் கூப்பிடுகிறான்" என்பார் ஒரு பெரியவர். "லண்டனில் வேலை நிச்சயம் என்று ஏஜெண்டு சொல்கிறார்; வயலை விற்றுவிடலாமா என்று அத்தான் கேட்கிறார்கள்" என்பாள் ஓர் அம்மாள்.

வேலை நிச்சயமில்லாத காலத்தில் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு கடல் கடக்கலாமா? இன்று பல வீடுகளில் இராச் சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் ஆலோசனை இதுதான். இதற்குப் பதில் சொல்லும் அநுபவம் நம்முடைய சீமைக்கே நிறைய உண்டு.

கொற்கையின் சந்ததியார்

ஏரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய அந்த ஊரிலிருந்து இன்று கடலைப் பார்க்க வேண்டுமானால் சில மைல் தூரம் போக வேண்டும். ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் நம்மை விட்டு விலகிப் போயிற்று. நாம் கடலை விட்டு விலகவில்லை. காயல்பட்டினத்தார், தூத்துக்குடியார், உள்நாட்டு வியாபாரிகள் எல்லாரும் கொழும்புக்குப் போவதை அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போவதுபோல் எண்ணி வந்தார்கள். 1906-ஆம் வருஷத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது தூத்துக்குடி–கொழும்பு மார்க்கத்தையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். அந்த மார்க்கத்தில் ஜனங்களும் சரக்கும் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தன. அதன் லாபத்தை வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றே ஏன் அநுபவிக்க வேண்டும் என்பது அவர் கேட்ட கேள்வி.

கடல் கடந்தாவது பொருள் தேட வேண்டும் என்று ஔவைப் பாட்டியே உபதேசித்திருக்கிறாள். ஆகையால் வெளிநாடு போவது தவறா என்பதைப் பற்றி நமக்கு விவாதம் இல்லை. எப்படிப் போவது என்பதுதான் விஷயம்.

இரண்டு விதமான பிரயாணம்

இலங்கைக்கு நம் ஜனங்கள் இரண்டு விதமாகப் போனார்கள்.

ஒரு வகையார் வியாபாரிகளும் கடைச் சிப்பந்திகளும். இவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரிலேயே வைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் போனார்கள். கொழும்பு புறக்கோட்டையில் கடை. வீடும் வயலும் தாமிரவருணிக் கரையில். சம்பாத்தியம் அங்கே, கல்யாணம், காதுகுத்து எல்லாம் இங்கே.

மற்றொரு வகையார் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள். இவர்களைக் கங்காணி குடும்பம் குடும்பமாக அழைத்துப் போனான். தேயிலைக் கொழுந்து பறிப்பதற்குப் பெண்களின் கை தேவை. ஆகவே புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக் கொண்டு போவதே தோட்டத்து முதலாளிக்கு லாபமாக இருந்தது. தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் இருந்த முகாம்களில் தொற்றுநோய்ச் சோதனைக்காகத் தங்கவைத்து, பிறகு அக்கரைக்கு அனுப்பினார்கள். பிரயாணச் செலவும் முன்பணமும் அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டன. 'துண்டு' என்று ஒரு சீட்டு உண்டு. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கடனோடு சேர்ந்து மனிதர்களும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கை மாறினார்கள். 1921-ஆம் வருஷத்துச் சட்டத்தால்தான் அந்த முறை ஒழிந்தது.

வியாபாரி கெட்டிக்காரன், தொழிலாளி ஏமாளி என்று இதைப் படித்துவிட்டு எண்ணிவிடக் கூடாது. ஊரில் வயலும் வீடும் இருந்தவனுக்குத்தான் குடும்பத்தை விட்டுவிட்டுப் போக இடம் இருந்தது. பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்தியவனுக்கு விட்டுச் செல்வதற்கு என்ன இருந்தது? அவன் திட்டமிட்டுப் போகவில்லை, தப்பிப் போனான். நமக்கோ இன்று உட்கார்ந்து திட்டமிட அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை வீணாக்கினால் குற்றம் நம்முடையதே.

உத்தரவு மாறிய நாட்கள்

வேலை என்பது முதலாளியின் கையில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அயல் நாட்டில் அது அந்த நாட்டுச் சர்க்காரின் கையிலும் இருக்கிறது. 1939-ஆம் வருஷத்தில் இலங்கைச் சர்க்கார், தன் இலாகாக்களில் 1934 ஏப்ரலுக்குப் பிறகு தினக்கூலியாகச் சேர்ந்த இந்தியர்களை நீக்குவது என்று தீர்மானித்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்ந்த தேதிதான் குறை. காங்கிரஸ் ஜவாஹர்லால் நேருவை அனுப்பிச் சமாதானம் பேசிப் பார்த்தது. பலிக்கவில்லை. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் இந்தியச் சர்க்கார், தொழில் பயிற்சி இல்லாத கூலிகள் இலங்கைக்குப் போவதையே தடை செய்தது.

அதைவிடப் பெரிய இடி 1948-இல் விழுந்தது. அவ்வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம், மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. அவர்களில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இரண்டு பிரதம மந்திரிகள், ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி சிறீமாவோ பண்டாரநாயக்காவும், ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் முடிவு என்று கணக்குப் பிரித்தார்கள். இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் மாதத்துப் புயலில், அவர்களுடைய பாட்டன்மார் கப்பலேறிய தனுஷ்கோடியே அழிந்து போயிற்று.

லட்சக்கணக்கானோர் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடு, தாங்கள் பார்த்தே இராத தாயகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இலங்கையிலேயே தங்கிவிட்ட எஞ்சியோருக்கு முழுப் பிரஜா உரிமை வழங்கும் சட்டம் அங்கே நிறைவேறியது 2003-ஆம் வருஷத்தில். கணக்குப் போட்டால் 55 வருஷம்.

புதிய சட்டங்களால் வியாபாரிகளும் பாதிக்கப்பட்டார்கள். தங்கியிருக்க அநுமதிச் சீட்டுத் தேவைப்பட்டது. அது கிடைக்காதவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். நஷ்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் திரும்பி வந்தபோது ஊரில் கதவைத் திறக்க ஆள் இருந்தது. இருவகையாருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், அதுவே எல்லாமும்.

இன்றைய கணக்கு

'அது வெள்ளைக்காரன் காலத்துச் சமாசாரம். இப்போது எல்லாம் ஒப்பந்தப்படி நடக்கிறது' என்று ஒருவர் சொல்லலாம். சமீப காலத்துச் சம்பவங்களையே பார்ப்போம்.

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த நம்மவர் ஏறத்தாழ 1,70,000 பேரை இந்தியச் சர்க்கார் விமானங்களிலும் கப்பல்களிலும் ஊர் கொண்டுவந்து சேர்த்தது. உயிர் தப்பியது. வங்கியில் போட்ட பணம், வீட்டுச் சாமான், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அங்கேயே நின்று போயின.

2017 ஜூலையில் சவூதி அரேபியச் சர்க்கார், அயல் நாட்டு உத்தியோகஸ்தர் தம்மோடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்ப நபருக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்று விதித்தது. வருஷத்துக்கு 100 வீதம் அதை உயர்த்தி, 2020-இல் 400 ரியாலாக்கிற்று. மனைவியும் இரண்டு குழந்தைகளும் என்று வைத்துக்கொண்டால் 2017-இல் மாதம் 300 ரியால். 2020-இல் மாதம் 1,200 ரியால், வருஷத்துக்கு 14,400 ரியால். சம்பளம் உயரவில்லை; குடும்பத்தின் தலைவரி நான்கு மடங்கு உயர்ந்தது. பல வீட்டுக்காரர்கள் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனி அறைக்குத் திரும்பினார்கள்.

2024 மார்ச் 11-ஆம் தேதி முதல் இங்கிலாந்து, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்று உத்தரவிட்டது. 2025 ஜூலையில் அந்த வேலைக்கு அயல் நாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் 'எச்-1பி' அநுமதியில் இருப்பவர் வேலையை இழந்தால், வேறு வேலை தேடவோ வேறு வழி பார்க்கவோ அதிக பட்சம் 60 நாட்கள் தருவதாக 2017-இல் வந்த விதி கூறுகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஒரு பருவம் முடிவதற்குக்கூட அந்த 60 நாள் போதாது.

இவற்றையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதற்காகவே சொல்கிறோம். குடும்பம் அங்கே தங்கும் உரிமை எந்த ஆணியில் தொங்குகிறது? ஒரே முதலாளி, ஒரே உத்தியோகம், ஒரே உத்தரவு என்ற ஒற்றை ஆணியில் தொங்குகிறதானால், அந்த ஆணி கழன்ற மறுநாள் நாம் எங்கே நிற்போம்? இதற்குப் பதில் கையில் இருந்தால் தைரியமாகப் புறப்படலாம்.

மற்றொன்றும் உண்டு. குடும்பத்தை அழைக்க இன்ன சம்பளம் வேண்டும் என்று சில நாடுகள் ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. அமீரகத்தில் 2019-இல் அது 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் வீட்டு வசதியும் என்று விதித்தார்கள். அந்த வரம்பைத் தாண்டியவுடன் 'தகுதி வந்துவிட்டது' என்று சந்தோஷப்படுகிறோம். அநுமதிக்குப் போதுமான சம்பளம் வேறு. குடித்தனத்துக்குப் போதுமான சம்பளம் வேறு. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், வைத்தியச் செலவு மூன்றையும் எழுதிக் கழித்த பிறகு மிச்சம் என்ன என்பதே கணக்கு.

தரகர் வாக்கும் சர்க்கார் காகிதமும்

பழைய கங்காணி போய்விட்டான். அவன் பேரன் இப்போது கைப்பேசியில் வருகிறான். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று நம்பிப் போன இளைஞர்களை, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உள்படப் பலரை, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திப் போய், இணையம் வழியாகப் பிறரை ஏமாற்றும் வேலையில் அடைத்து வைத்தார்கள். மீட்டுக் கொண்டுவர இந்தியச் சர்க்காரும் தமிழ்நாட்டு அரசாங்கமும் பெரும் பாடுபட வேண்டியதாயிற்று.

1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு சர்க்காரிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கு விதித்திருக்கும் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதன் மேல் வரியுமே. ஒருவர் லட்சக்கணக்கில் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். சுற்றுலா விசாவில் போய் வேலையில் அமர்ந்துகொள்ளலாம் என்று சொல்கிறவரையும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். 1978 முதல் தமிழ்நாடு அரசாங்கமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தை நடத்தி வருகிறது என்பது பலருக்குத் தெரியாது.

காகிதங்களில் பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதும் மிக அவசியம். தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான் உண்டு. 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு பார்வையாளராக வருகிறவர்களை அநுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது, அந்த வழக்கமே பலருக்கு இடைஞ்சலாயிற்று. மனைவியின் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் கல்யாணப் பதிவில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் தொல்லை அதிகம். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி எல்லாக் கல்யாணங்களையும் பதிவு செய்தே ஆக வேண்டும். தாலி கட்டிய சாட்சிக்கு ஊரே இருந்தாலும் அயல் நாட்டு அதிகாரி கேட்பது அந்த ஒரு காகிதத்தைத்தான்.

பிரிவுக்கும் ஒரு விலை உண்டு

'அப்படியானால் புருஷன் தனியே போகட்டும். பெண்டு பிள்ளைகள் ஊரோடு இருக்கட்டும் என்கிறீர்களா?' என்று சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய கொழும்பு வியாபாரியின் முறையைப் புகழ்ந்தோம். அந்த முறைக்கு விலை கொடுத்தவள் அவன் மனைவி. வயலையும் பார்த்து, மாமியாரையும் பார்த்து, குழந்தைகளையும் வளர்த்து, கடிதத்துக்காக வாசலில் காத்திருந்தவள் அவள். தகப்பன் ஊருக்கு வந்தால் 'யாரோ மாமா வந்திருக்கிறார்' என்று குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை ஏரல் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செண்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தாமிரவருணி கரை புரண்டு கடைத்தெருவுக்குள் புகுந்தது. பாலத்துச் சாலை அறுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் நின்று போயின. ஊரில் வயோதிகப் பெற்றோரை விட்டுவிட்டு அயல் நாட்டில் இருந்த பிள்ளைகள் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு போனாலும் ஒரு பாதிக் குடும்பம் இங்கேதான் இருக்கிறது.

ஆகையால் பிரிவு ஒரு படியாக இருக்கலாம். வாழ்க்கையாக ஆகிவிடக் கூடாது. போகும்போதே அதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும்.

வாசல் திறந்திருக்கட்டும்

எங்கள் யோசனை இதுதான். முதலில் ஒருவர் போகட்டும். அது புருஷனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனைவி நர்ஸாகவோ ஆசிரியையாகவோ இருந்து, அவளுக்கே நல்ல உத்தியோகம் கிடைத்தால் அவளே முதலில் போகலாம். சோதனைக் காலம் முடிந்து வேலை உறுதியாகட்டும். முதல் ஆறு மாதச் சம்பளம் சொன்னபடி வருகிறதா என்று பார்க்கட்டும். வீட்டையும் பள்ளியையும் நேரில் பார்த்து, வரவு செலவை எழுதி அனுப்பட்டும். பிறகு இங்கே பள்ளிப் பரீட்சை முடிந்த சமயமாகக் குடும்பம் புறப்படலாம்.

அதுவரையில் வயலை விற்க வேண்டாம். பிரயாணத்துக்காக விற்ற வயல் திரும்பி வருவது அபூர்வம். வீட்டையும் நிலத்தையும் பார்த்துக்கொள்ள உறவினருக்கு அதிகாரம் கொடுப்பதானால், எல்லாவற்றையும் செய்யலாம் என்ற பொது அதிகாரப் பத்திரத்தை எழுதாமல், இன்ன காரியத்துக்கு மட்டும் என்று வரையறுத்து எழுதுங்கள். பாசம் வேறு, பத்திரம் வேறு. எல்லாரும் திரும்பி வருவதற்கு வேண்டிய விமானச் செலவும், வந்தபின் ஆறு மாதம் குடும்பம் நடத்தும் பணமும் இந்த ஊர் வங்கியில் தனியாக இருக்கட்டும். இன்ன தேதிக்குள் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாவிட்டால் திரும்பிவிடுவது என்று, மனைவியையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு, புறப்படுமுன் பேசி முடியுங்கள்.

அப்படித் திரும்பி வருகிறவனைப் பார்த்து, 'போன மச்சான் திரும்பி வந்தான்' என்று ஊர் சிரிக்கக் கூடாது. அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எத்தனையோ பேர் சம்பளமில்லாத வேலையில், காலாவதியான அநுமதியில், ஒளிந்து வாழ்கிறார்கள். திரும்பி வரும் தைரியத்தை மகனுக்குக் கொடுப்பது தாய் தகப்பனின் கடமை. 'வேலை இல்லாவிட்டால் வந்துவிடு. வீடு இருக்கிறது' என்ற ஒரு வார்த்தை, எந்த ஏஜெண்டும் தரமுடியாத உத்தரவாதம்.

அன்றைய தொழிலாளியை அடிமை நாட்டின் பிரஜையாகக் கப்பலேற்றினார்கள். அவன் பேரில் இருந்த காகிதம் கடன் சீட்டு. இன்றைய இளைஞன் சுதந்திர நாட்டின் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறுகிறான். அந்தக் கௌரவத்துக்குத் தகுந்தபடி யோசித்துப் போகட்டும். வேண்டும்போது திரும்பி வரட்டும். இந்த ஆற்றங்கரையிலேயே நல்ல பிழைப்புக் கிடைக்கும்படி செய்வது சர்க்காரின் கடமை. அது நிறைவேறும் வரையில், போகிறவன் வாசலைச் சாத்தாமல் போகட்டும்.